மண்ணுக்குள் போகிற வயர்

வாங்கோ அன்ரி, உள்ளே வாங்கோ. நாய்க்குப் பயப்படாதேங்கோ, எங்கள் வீட்டில் நாயே இல்லை. குரைத்தது நான்தான். படலைக் கதவுச் சத்தம் கேட்டால் முதலில் நாய், வந்த ஆளைப் பார்த்த பிறகுதான் பிள்ளை. அது என் வழக்கம். கள்ளனுக்கு ஒரு குரல், கடன்காரனுக்கு ஒரு குரல் வைத்திருக்கிறேன். உங்களுக்கு அல்சேஷன் போட்டேன், மரியாதையாக.

விற்கப் போட்ட ட்ரையர், துணி காயவைக்கிற மெஷின், அதைப் பார்க்கத்தானே வந்தீங்கள்? கொடிகாமத்திலிருந்தா? இவ்வளவு தூரமா? இருங்கோ. அம்மா ஆசுபத்திரிக்குப் போயிருக்கிறா, கைக்குப் பயிற்சி. செவ்வாயும் வெள்ளியும். பதினொரு மணி பஸ்ஸில் வந்துவிடுவா. போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனா: "சர்மிகா, வாறவையோடை வாய் காட்டாதை. மெஷினைக் காட்டு. நல்ல மெஷின் எண்டு சொல்லு. கனக்கக் கதைச்சியோ, தெரியும்தானே!"

ஏன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறீங்கள்? அம்மா இன்னும் வரவில்லை. அதுவும் நான்தான்.

எனக்கு எல்லாருடைய குரலும் வரும். பக்கத்து வீட்டு ரஞ்சி மாமி, மூக்கால் பேசுகிற லொட்ஜ் மனேஜர், மீன்காரர், மீன்காரரின் மோட்டார் சைக்கிள். போன வருசம் எங்கள் பள்ளிக்கூட அதிபரின் குரலில் ஒலிபெருக்கியில் "நாளை பாடசாலை நடைபெறாது, மாணவர்கள் வீட்டில் இருந்து கற்கவும்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் பாதிப் பள்ளிக்கூடம் வரவில்லை. மூன்று ஆசிரியர்மாரும் வரவில்லை! இரண்டு கிழமை என்னை நிற்பாட்டினார்கள். அம்மா அதிபருக்கு முன்னால் அழுதா. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "இன்னொருக்காச் சொல்லிக்காட்டு, பாப்பம்" என்றா. சொல்லிக்காட்டினேன். சிரித்துச் சிரித்து பஸ்ஸை விட்டுவிட்டோம். எங்கள் அம்மா அப்படி. சிரிக்கிறதுக்கு ஆள் வேணும் அவவுக்கு. அப்பா சாகவில்லை, அன்ரி, அப்படிப் பார்க்காதேங்கோ. இன்னொரு வீட்டில் இருக்கிறார், அவ்வளவுதான்.

மெஷின் இதுதான். தொடலாம். இப்போது பிளக் கழற்றித்தான் இருக்கிறது, பயப்படாமல் தொடுங்கோ.

இது எப்படி வந்தது என்று கேட்டால், மழையால் வந்தது. அம்மா லொட்ஜுக்குத்தான் துணி தோய்க்கிறவ. பெட்ஷீட், தலையணை உறை, துவாய், எல்லாம் வெள்ளை. கல்யாணக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்து தங்குவார்கள், அவர்களுக்கு ஒரு புள்ளி மஞ்சள் இருந்தாலும் படுக்க ஏலாது. ஐப்பசி தொடங்கின நேரம், கிணற்றடியில் கட்டியிருந்த கொடி, கயிற்றுக் கொடிதான், பாரம் தாங்காமல் அறுந்து விழுந்தது. பதினாறு பெட்ஷீட் சேற்றுக்குள். அம்மா பதினாறையும் திரும்ப வாளிக்குள் போட்டுவிட்டு, "உறுதியா ஒரு கயிறு பாத்துக்கொண்டு வா பிள்ளை" என்றா.

நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கயிறு இல்லை. சுவரில் ஒரு வயர் இருந்தது. பச்சையும் மஞ்சளும் கோடு போட்ட வயர், முன்பக்கத்து மீட்டர்ப் பெட்டியிலிருந்து சுவரோடு சுவராகப் பின்பக்கம் வந்து, அப்படியே கீழே இறங்கி மண்ணுக்குள் போகிறது. அன்ரி, நீங்களே சொல்லுங்கோ. மண்ணுக்குள் போகிற வயருக்கு என்ன வேலை? எறும்புக்கு லைற் போடவா? இழுத்துப் பார்த்தேன், நல்ல உறுதி. குறடால் இந்த முனையில் ஒரு வெட்டு, அந்த முனையில் ஒரு வெட்டு. வீட்டில் லைற் எரிகிறதா? எரிகிறது. ஃபான் சுற்றுகிறதா? சுற்றுகிறது. அப்போ அது சும்மா இருந்த வயர்தானே!

கொண்டுபோய்க் கிணற்றடியில் கட்டினேன். "எங்கையடி எடுத்தனீ?" என்று அம்மா கேட்டா. நான் நேசராசா மாமாவின் குரலில் சொன்னேன்: "அது தங்கச்சி, வேலையிலை மிஞ்சின வயர். வைச்சிருங்கோ, எதுக்கும் உதவும்." அம்மா சிரித்துக்கொண்டே ஷீட்டை விரித்தா. கொடி அசையவில்லை. "கெட்டிக்காரி" என்றா. அதிபர் விஷயத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தச் சொல்லைக் கேட்டேன்.

நேசராசா மாமா சொந்தம் இல்லை. எலெக்ட்ரீசியன். எங்கள் வீட்டுக்கு வயர் அடித்தவர் அவர்தான். மெலிந்த ஆள், சைக்கிள், பின்னால் ஒரு தோல் பை. எதைச் சொன்னாலும் இரண்டு தரம் சொல்லுவார். "சுவிட்சை நிப்பாட்டு பிள்ளை, சுவிட்சை நிப்பாட்டு." அவருடைய குரல் எனக்குச் சுலபம். தொண்டையில் கொஞ்சம் தூசி போட்டால் போதும்.

பிறகு மழை என்றால் மழை. பதினொரு நாள் வெயில் இல்லை. கொடி உறுதியாக இருந்து என்ன, ஒரு துணி காயவில்லை. வீடு முழுக்க ஈர ஷீட். மேசையில், கதவில், சாமிப்படத்துக்கு மேலே எல்லாம். மனேஜர் போன் எடுத்தார், மூக்கால்: "தவமலர் அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ளை காஞ்ச ஷீட் வரேல்லையெண்டால் நான் வேறை ஆளைப் பாக்க வேண்டி வரும். கோவிக்காதேங்கோ." அந்த லொட்ஜை விட்டால் எங்களுக்கு வேறு இடம் இல்லை. இவ்வளவு துணி தருகிறவர்கள் இந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. பிறகு அவரே இரங்கி, அவர்கள் மாற்றிவிட்டு மூலையில் போட்டிருந்த பழைய ட்ரையரை லாண்ட்மாஸ்டர் ட்ரக்டரில் ஏற்றி, எங்களுக்கே என்று அனுப்பினார். இதுதான் அது.

பின்கதவடியில் இறக்கி வைத்துப் பார்த்தால், பிளக் போகாது. பழைய பதினைந்து அம்பியர் பிளக். மூன்று உருண்டைக் கால், யானைக் கால் மாதிரி. எங்கள் வீட்டு சொக்கெட் புதுசு, சதுர ஓட்டை. எங்கே போகும்?

ரஞ்சி மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. "உதுக்குப் போய் யோசிக்கிறியளே? பிளக்கை வெட்டி எறியுங்கோ. ரெண்டு வயரை உரிச்சு, ஓட்டைக்குள்ளை விட்டு, தீக்குச்சியாலை இறுக்குங்கோ. எங்கடை வீட்டிலை கிறைண்டர் ரெண்டு வருசமா அப்பிடித்தான் ஓடுது!" மூன்றாவது வயரை என்ன செய்கிறது என்று கேட்டேன். "அது சும்மா அழகுக்கு" என்றா.

நான் அப்படிச் செய்யவில்லை, அன்ரி. இதை நீங்கள் கவனிக்க வேணும். நான் ஒழுங்காகச் செய்தேன். நேசராசா மாமா வவுனியாவில் வேலை, வெள்ளத்தால் பாதை மூடியிருந்தது. போன் எடுத்தேன், அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் ஒவ்வொன்றாகச் செய்தேன். புதுச் சதுர பிளக் வாங்கு, பதின்மூன்று அம்பியர் ஃபியூஸ் உள்ளே இருக்கோ பார். பழைய பிளக்கை வெட்டு. மேல்தோலை உரி, உள் வயரில் காயம் படாமல் உரி. மண்ணிறம் ஃபியூஸ் இருக்கிற பக்கம். நீலம் மற்றப் பக்கம். பச்சை மஞ்சள் மேலே, பெரிய காலுக்கு.

"பச்சை மஞ்சளைக் கொஞ்சம் நீளமா விடு பிள்ளை, நீளமா விடு. ஆரும் வயரைப் பிடிச்சு இழுத்தாலும் மற்ற ரெண்டும் கழண்ட பிறகுதான் அது கழர வேணும். ஏனெண்டு தெரியுமோ? அதுதான் உன்ரை உயிர். அதுதான் உன்ரை உயிர்."

திருகாணியை இறுக்கினேன். ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தேன். வெளித்தோலைப் பிடிக்கிற கட்டையையும் இறுக்கினேன். ஒரு இழை வெளியே நிற்கவில்லை. இப்போதும் அந்த பிளக்கைத் திறந்து பாருங்கோ, படத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். எந்த எலெக்ட்ரீசியனும் குறை சொல்ல ஏலாது.

எல்லாம் முடிந்த பிறகு அவர் ஒன்று கேட்டார். "பிள்ளை, பின்சுவராலை நான் ஒரு பச்சை மஞ்சள் வயர் இறக்கி விட்டனான். மண்ணுக்குள்ளை செப்புக் கம்பி அடிச்சு அதோடை பூட்டினது. வீட்டு எர்த் முழுக்க அதிலைதான். வயர் இருக்கோ எண்டு ஒருக்காப் பார்."

ஜன்னலால் பார்த்தேன். கிணற்றடியில் வயர் இருந்தது. அதில் இரண்டு பெட்ஷீட் தொங்கியது, மழையில் நனைந்துகொண்டு.

"இருக்கு மாமா" என்றேன்.

பொய் இல்லைத்தானே? இருந்ததுதானே? அந்த நேரம் வேறு என்ன சொல்லுறது. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அம்மா பக்கத்தில் நின்று, போடு போடு என்று கண்ணால் கேட்கிறா. மழை விட்டவுடன் வயரைக் கழற்றித் திரும்பப் பூட்டிவிடலாம் என்று நினைத்தேன். மழை விட்டால்தானே!

போட்டோம். சுற்றியது. அன்ரி, முதலாவது ஷீட்டை வெளியே எடுத்தபோது அம்மா அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படியே நின்றா. "சூடா இருக்கடி. இப்பத்தான் பெத்தெடுத்த பிள்ளை மாதிரி" என்றா. எனக்கும் போர்த்துவிட்டா. ஒன்பது நாள் இந்த வீடு காய்ந்த துணியால் மணத்தது. ஒன்பது நாள்.

பத்தாவது நாள் பின்னேரம், நான் அறைக்குள் ரஞ்சி மாமியின் குரலில் ரஞ்சி மாமியின் மருமகளுக்கே போன் எடுத்துப் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன். கிணற்றடிப் பக்கத்தில் டொம் என்று ஒரு சத்தம். கரண்டும் போனது. ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிட்டது. விழத்தான் வேணும், அது அதன் வேலை. ஆனால் அது விழுகிறதுக்குள் அம்மாவும் விழுந்துவிட்டா. மெஷினின் உள்ளே பின்பக்கத்தில் ஒரு வயரை எலி கடித்திருந்ததாம், தகரம் முழுக்கக் கரண்ட். அம்மா ஈரக் கையால் மெஷின் கதவைத் தொட்டிருக்கிறா. அது தூக்கி எறிந்து, முழங்கை வாசலுக்கு வெளியே கிடக்கிற தோய்க்கிற கல்லில் அடிபட்டது. எலும்பு மூன்றாக. எலும்பு பொருந்திவிட்டது, நரம்புதான் இல்லை. வலது கை விரல்கள் மடங்காது. "பயிற்சி செய்யுங்கோ அம்மா, பாப்பம்" என்கிறார் டொக்டர். அந்தப் பாப்பத்தை நான் அவருடைய குரலில் செய்து பார்த்தேன். அதற்குள் ஒன்றும் இல்லை, அன்ரி. வெறும் கோப்பை மாதிரி ஒரு பாப்பம்.

ஒரு கையால் பெட்ஷீட் பிழிய ஏலாது. மனேஜர் வேறு ஆள் பார்த்துவிட்டார். கோவிக்காதேங்கோ என்றுதான் சொன்னார்.

ஆசுபத்திரியால் வந்த அன்று அம்மா வீட்டுக்குள் வரவில்லை. நேரே பின்பக்கம் போனா. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றா. வயர் பிடித்திருந்த கிளிப்புகள் மட்டும் வரிசையாக இருந்தன, பல்லு மாதிரி. பிறகு கிணற்றடிக்குப் போய்க் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு இடது கையாலும் வாயாலும் அந்த வயரின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினா. நான் ஓடிப்போனேன். "நீ தொடாதை. நீ இதைத் தொடாதை" என்று கத்தினா. அவிழ்த்து, சுருட்டி, கல்லுக் கட்டிப் பாழ்கிணற்றுக்குள் போட்டுவிட்டு வந்தா. துரு பிடித்து ஷீட்டில் கறை வரும் என்று நினைத்திருப்பா. பிளாஸ்டிக் வயரில் என்ன துரு? ஆனால் அடிபட்டு வந்த ஆளோடு என்ன கதைக்கிறது. கை போன நேரத்திலும் எங்கள் அம்மாவுக்கு ஷீட்டின் யோசனைதான்.

அடுத்த நாள் நேசராசா மாமா வந்தார். பாதை திறந்தவுடன் நேரே வந்திருக்கிறார், பையும் கையுமாக. ஊரே எங்கள் வளவுக்குள்தான் நின்றது. பின்பக்கம் போய், மண்ணைக் கிண்டி, செப்புக் கம்பியைக் காட்டினார். அதில் விரலளவு பச்சை வயர் துண்டு.

"இஞ்சை பாருங்கோ தங்கச்சி, வெட்டின முனை, வெட்டின முனை. ஆரோ வெட்டியிருக்கினம். எர்த் இருந்திருந்தால் மெஷினிலை கரண்ட் ஏறின உடனை, ஒருத்தரும் தொட முதலே, ட்ரிப் விழுந்திருக்கும்."

அம்மா அவரை எப்போதும் அண்ணை என்றுதான் சொல்லுவா. நீங்கள் என்றுதான் கதைப்பா. அன்றைக்கு, "நீர் போடேல்லை!" என்றா. "துண்டு வயரைப் பூட்டி மண்ணைப் போட்டு மூடிப்போட்டு, எர்த் போட்டனான் எண்டு எங்களை ஏமாத்தினீர்! நீர் போடவே இல்லை!"

அவர், "பிள்ளையிட்டைக் கேட்டனான் தங்கச்சி. இருக்கெண்டு சொன்னவ" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நல்லகாலம், அம்மா இடையில் புகுந்து, "அவளுக்கு என்ன தெரியும்? அவள் குழந்தை!" என்று கத்தினா. பதினாறு வயதுக் குழந்தை! கத்தினது அவரைப் பார்த்து இல்லை, அன்ரி. முழு நேரமும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு கத்தினா. நான் எங்கே பழக்க தோசத்தில் சிரித்துவிடுவேனோ என்ற பயமாக்கும்.

நேசராசா மாமாவும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அம்மாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "சரி தங்கச்சி" என்றார். ஒரு தரம்தான் சொன்னார். பையை எடுத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் பிடிபடவில்லை. அவ்வளவு விபரமான ஆள், பாருங்கோ.

அதோடு ரஞ்சி மாமி வாயைத் திறந்துவிட்டா. தீக்குச்சி மாமிதான்! "எர்த் போடாத நேசராசா" என்று ஒரு பெயர். கோயில் திருவிழாவுக்கு லைற் கட்டுகிறது வருசா வருசம் அவர்தான், இந்த முறை வேறு ஆள். ஒருவரும் கூப்பிடுவதில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. சொல்லத்தான் இருந்தேன், ஒவ்வொரு நாளும். அம்மாவின் முன்னால் போய் நிற்பேன். வாயைத் திறந்தால் மனேஜர் வருவார், மீன்காரர் வருவார். அம்மாவும், "அந்த அதிபரைச் சொல்லிக்காட்டு" என்று கதையை மாற்றிவிடுவா. சரி, அது ஏலாவிட்டால் வேறு வழியால் உதவுவோம் என்று, நேசராசா மாமாவுக்குப் போன் எடுத்தேன். என் குரலில் இல்லை. ஒரு கிழவியின் குரலில்: "தம்பி, துன்னாலையிலையிருந்து கதைக்கிறன். வீடு முழுக்க வயர் அடிக்க வேணும், வருவியளோ?" அவர் எவ்வளவு சந்தோசப்பட்டார் தெரியுமா? "ஓம் அம்மா, ஓம் அம்மா. காலமை எட்டு மணிக்கு நிப்பன்." அடுத்த நாள் கொட்டுகிற மழைக்குள் சைக்கிளில் போனார், நான் வேலியால் பார்த்தேன். அப்படி ஒரு வீடு இல்லைத்தான். ஆனால் முதல் நாள் முழுக்கச் சந்தோசமாக இருந்திருப்பார்தானே? அது நான் கொடுத்தது. ஐந்து தரம் அப்படிச் செய்தேன், ஐந்து குரலில். ஐந்தாவது முறை அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாக, "அம்மா, உங்கடை வீட்டிலை எர்த் வயர் இருக்கோ எண்டு பாத்தனீங்களோ?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

உங்கள் வீட்டில் எப்படி, அன்ரி? சதுர ஓட்டையா? அப்போ பிளக் பிரச்சினை இல்லை. எலி கடித்த வயரை மாற்றவேணும், அதை ஒரு ஆள் பார்க்கவேணும். கட்டாயம் பார்க்கவேணும். சொக்கெட் புதுசு என்று நம்பாதேங்கோ. ஓட்டைக்குப் பின்னால் வயர் இருக்கோ, அந்த வயர் மண்ணுக்குள் போகிறதோ, அதைப் பார்க்கச் சொல்லுங்கோ. ஆள் தெரியாதா? இருக்கிறாரே! நம்பர் எனக்குப் பாடம். இப்போதே எடுங்கோ, நீங்கள் உண்மையான ஆள், உண்மையான வீடு. அவருக்கு உண்மையான வேலை. எடுங்கோ அன்ரி! ஸ்பீக்கரில் போடுங்கோ.

...

கேட்டீங்கள்தானே.

நீங்கள் எவ்வளவு ஒழுங்காகச் சொன்னீங்கள். கொடிகாமம், ஸ்டேசனுக்குப் பின்னால், நீல கேற். எல்லாம் சொன்னீங்கள். அவர் என்ன சொன்னார்? "குரல் நல்லா வந்திருக்குப் பிள்ளை. இந்தமுறைதான் நல்லா வந்திருக்கு. ஆனால் நான் இப்ப வேலைக்குப் போறதில்லை. பையையும் குடுத்திட்டன். கொம்மாவின்ரை கை எப்பிடி, அதை மட்டும் சொல்லு." இல்லை அன்ரி, நான் உங்கள் குரலைச் செய்தே பார்த்ததில்லை. இன்றைக்குத்தானே உங்களைப் பார்க்கிறேன்!

நான் போனை உங்களிடமிருந்து பறித்தது பிழைதான். "மாமா" என்றேன். அது என் குரல்தான், சத்தியமாக என் குரல்தான். நீங்களும் கேட்டீங்கள். "ஆர்?" என்றார் அவர். எவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்டு இருந்தார், வைக்கவே இல்லை. மூச்சுச் சத்தம் கேட்டது. சொல்லியிருக்கலாம். இரண்டு சொல்லு. "நான்தான் வெட்டினது." வாயைத் திறந்தேன், வந்தது யார்? ரஞ்சி மாமி. "ஐயையோ, நம்பர் மாறிப்போச்சு, குறை நினைக்காதேங்கோ!"

நல்லாச் செய்தேன், என்ன? அச்சு அசலாக ரஞ்சி மாமி.

படலைச் சத்தம். இல்லை, இதற்குக் குரைக்கிறதில்லை. அம்மா இடது கையால்தான் திறப்பா, கொழுக்கி இரண்டு தரம் தட்டும், அதுதான் அடையாளம். அன்ரி, முகத்தைத் துடையுங்கோ, கெதியா. நல்ல மெஷின் என்று நான் சொன்னேன் என்று சொல்லுங்கோ, வாய் காட்டவே இல்லை என்று சொல்லுங்கோ. வயரைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் விட்டுவிடாதேங்கோ, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.